மீசைச் சீப்பும் அறுந்த பாலமும்

அண்ணா,

நேற்று திருப்பதியில் சினிமாவுக்குப் போனேன். வாசலில் பையைச் சோதித்த பெண் உன் மீசைச் சீப்பை எடுத்துத் தூக்கிப் பிடித்து, "இதேன்ட்டி ஆன்ட்டி?" என்று, இது என்னவென்று தெலுங்கில் கேட்டாள். மீசை வாரும் சீப்பு என்றேன். என் மேலுதட்டை உற்றுப் பார்த்தாள். ஐம்பது தாண்டியபின் அந்தச் சந்தேகத்தை முழுக்கத் தப்பென்று சொல்ல முடியாது.

உனக்குப் பிடித்த வகைப் படம்தான். தொலைந்த மகளைத் தேடி அப்பன் கண்காணாத தேசத்துக்குப் போகிறான். காடு, முதலை, கயிற்றுப் பாலம். சித்தூர் கொட்டகையில் தெலுங்கு பேசும் வெள்ளைக்காரர்களை எத்தனை பார்த்திருப்போம்! பாலம் அறுபடும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். நீ முறுக்கைக் கடித்தபடி, "பாலம் அறுந்தாத்தான் பாப்பா, அப்பன் யார்னு தெரியும்" என்பாய்.

உன் பாலத்தை அறுத்தவள் நான்தான்.

ஜெர்மனியில் உன் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்தது. தாயில்லாப் பெண், புருஷன் கப்பல் வேலையில். வீசா கிடைத்தால் திருமலையில் முடி கொடுப்பதாக நீ வேண்டிக்கொண்டாய். கிடைத்ததும், "போய்ட்டு வந்து குடுக்கறன்" என்றாய். நான் விட்டேனா? "பெருமாள வெயிட்டிங்ல வெச்சிட்டு ஏரோப்ளேன் ஏறுவியாண்ணா?" என்று பயமுறுத்தி மலைக்கு இழுத்துப் போனேன். தலைமுடியோடு, சித்தூரே அறிந்த அந்த மீசையும் போயிற்று. "வளர்ற வரிக்கும் நீ வெச்சிரு" என்று சீப்பை என்னிடம் கொடுத்தாய்.

சென்னை விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். போட்டோவில் பாதி முகம் மீசை.

"இவர் யாரு?"

"நான்தான் சார். மலைக்குப் போறதுக்கு முந்தி."

ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். உடனே எனக்குப் போன். "உன் பெருமாள வந்து சாட்சி சொல்லச் சொல்லுமே! பிளைட்டு போய்க்கினே இருக்கும், கொழந்த அங்க தனியா கெடக்குது" என்று கத்தினாய். கடைசியில் குரல் உடைந்தது.

பிறகு பெரிய அதிகாரி வந்தாராம். தொப்பியைக் கழற்றினால் அவரும் மொட்டை, ஒரு வார முளைப்பு. போட்டோவில் இருந்த காது மச்சத்தை உன் காதோடு ஒப்பிட்டு முத்திரை குத்திவிட்டு, "தரிசனத்துக்கு எவ்ளோ நேரம் ஆச்சு?" என்று மட்டும் கேட்டாராம்.

மூன்றாம் நாள் ஒரு போட்டோ அனுப்பினாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒட்டிக்கொண்டு இரண்டு மொட்டைத் தலைகள். கீழே, "எது பேத்தி, சொல்லு பாக்கலாம்."

மீசையோடு திரும்பி வந்து சீப்பைக் கேட்டாய். "தொலைஞ்சிபோச்சிண்ணா" என்று பொய் சொன்னேன். நாலு நாள் அலையவிட்டுத் தரலாமென்று நினைத்தேன். உனக்கு அந்த நாலு நாள்கூட ஆயுசு இருக்கவில்லை.

நேற்று பாலம் அறுந்தபோது நான் கண்ணை மூடவில்லை. சீப்பை இறுகப் பிடித்துக்கொண்டு கடைசிவரை பார்த்தேன். அப்பன் கரையேறினான். அவனுக்கும் மீசை இல்லை, ஆனால் மகள் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டாள். வெளியே வந்து பார்த்தால், என் உள்ளங்கையில் வரிவரியாகச் சீப்பின் பல்.