மெஹ்னாஸுக்குக் கிடைத்த லீவு

ஜனவரி 6
முதஸ்ஸிர் டிப்ளமா முடித்துத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். நவ்ரீன் பி.காம்., பேங்கில் வேலை. ஃபர்ஹான் கேரம் போர்டில் மாவட்டக் கோப்பை வாங்கினான். எல்லாம் என் பேரப்பிள்ளைகள். இப்போது கடைக்குட்டி மெஹ்னாஸ், பத்தாவது. பரீட்சைக்கு வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்று பள்ளிக்கூடமே லீவு கொடுத்துவிட்டதாம். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குத்தானே அப்படிக் கொடுப்பார்கள்? நான் அஞ்சாவதோடு நின்றவள்தான், அதுகூடவா எனக்குத் தெரியாது. கல்மண்டபம் கடைத்தெருவில் ஜாங்கிரி வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தேன்.

ஜனவரி 7
பிள்ளை ஜாங்கிரியைத் தொடவில்லை.

ஜனவரி 9
தன் அம்மா ஜஸீமாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அது லீவே இல்லை. அவள் பரீட்சை எழுதினால் பள்ளிக்கூடத்தின் நூறு சதவீத பாஸ் போய்விடுமாம். டிசி வாங்கிக்கொண்டு தனியாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

இனிப்பு தின்ற தெருவில் எப்படி நடப்பேன் என்றுதான் முதலில் தோன்றியது. சீ, நானும் ஒரு மனுஷியா? பிள்ளை சோறு தின்னாமல் கிடக்குது.

ஜனவரி 12
பள்ளிக்கூடம் போனேன். தலைமை டீச்சர் நாற்காலி போட்டு டீ கொடுத்தார்.

“மேலேருந்து ரிசல்ட் கேக்கறாங்கம்மா. நீங்க பெரியவங்க, புரிஞ்சிக்கணும்.”

“அப்போ இன்னாத்துக்கு பள்ளிக்கூடம் வச்சிகினு கீறீங்க? தெரிஞ்ச புள்ளைக்கே சொல்லிக் குடுக்கவா?”

“கணக்கு வரல. மத்ததுலயும் சொந்தமா எழுதறா. புக்ல இருக்கற மாதிரி எழுதினாதாம்மா மார்க்.”

அவளுடைய விடைத்தாளை எடுத்துக் காட்டினார். ஆறு எப்படி அசுத்தமாகிறது என்று கேள்வி. எர்ணாவூர் போகும் வழியில் கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறாள் – மேலே எண்ணெய், அடியில் அனல்மின் நிலையச் சாம்பல். முட்டை போட்டுவிட்டார்கள்.

கை கட்டி உட்கார்ந்து, சொன்னதைத் திருப்பிச் சொல்கிற பிள்ளைகளாகப் பொறுக்கி யாருக்கு அனுப்புகிறார்கள்? இதற்கா இவ்வளவு பெரிய கட்டடம்? மீன்காரி கெட்ட மீனைத் தள்ளுகிற மாதிரி பிள்ளையைத் தள்ளுகிறார்கள். மீன்காரியாவது முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளுவாள்.

டிசி வாங்க மாட்டோம், நாளைக்கு அவளோடு நானும் வருவேன் என்று சொல்லிவிட்டேன். டீயைக் குடிக்கவில்லை.

ஜனவரி 13
பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன் சாவியோ. என் பேரப்பிள்ளைகளைப் போல அவனும் என்னை நன்னி என்றுதான் கூப்பிடுவான். “இன்னா நன்னி, அஞ்சாவதுல வுட்டத இப்போ முடிக்க வந்துகீறியா?”

“ஆமாண்டா, உனக்கும் சேத்துதான். கேட்டத் தொற.”

திறந்தான். மெஹ்னாஸ் வகுப்புக்குள் போகும்வரை நின்றேன்.

மே, ரிசல்ட் வந்த அன்று
கணக்கில் போய்விட்டது. மற்றதெல்லாம் பாஸ். ஜூனில் திரும்ப எழுதுவாள். பள்ளிக்கூட வாசலில் இந்த வருஷம் நூறு சதவீதம் என்ற பேனர் இல்லையாம். இல்லாமலே போகட்டும்.

குடும்ப குரூப்பில் ஒன்றும் போட வேண்டாம் என்றாள் ஜஸீமா. “போடு. அவளப் புதுசா ஒரு போட்டோ எடுத்துப் போடு. கணக்குல பெயில்னும் எழுது” என்றேன்.

மெஹ்னாஸ் முகம் கழுவப் போயிருக்கிறாள்.