மேகக் கட்டத்துக்குள் இருந்த பயம்

துபாய் ஏர்போர்ட் புத்தகக் கடையில் இன்று அவனைப் பார்த்தேன். உன் வேற்றுக்கிரகத்து ஆள். தலையில் கண்ணாடி உருண்டை, மார்பில் மூன்று நட்சத்திரம். அந்தக் காலத்துக் காமிக்ஸை வழுவழுத் தாளில் மறுபடி அச்சடித்து விற்கிறார்கள். உன்னிடம் இருந்ததற்கு அட்டையே கிடையாது.

ஷார்ஜா கேம்ப் ரூமில் அதற்காக எத்தனை சண்டை. சொந்தக் கிரகம் வெடித்துப் பூமியில் வந்து விழுந்தவன். நம் காற்று அவனுக்கு விஷம், அதனால்தான் கண்ணாடி. ரயிலைத் தூக்குகிறானே, கண்ணாடியின் சீல் பிரிந்து காற்று உள்ளே போகாதா என்று நான் கேட்பேன். டிப்ளமோ முடித்தவன் இதைப் படிக்கிறானே என்று எரிச்சல். நீ பக்கத்தைத் திருப்பி, அவன் தலைக்கு மேல் மிதக்கும் மேகக் கட்டத்தைக் காட்டுவாய். எனக்குப் பயமாக இருக்கிறது என்று அதில் நினைத்துக்கொண்டிருப்பான். "பக்கத்துல நிக்கிறவனுக்குக்கூட இது கேக்காது. வாயில வர்றதெல்லாம் வீர வசனம். பாவம்டா."

சவூதியில், யான்பு எண்ணெய் ஆலையைப் பராமரிப்புக்கு நிறுத்திய ஷட்டவுனில் நீயே கண்ணாடித் தலையோடு இறங்கினாய். ரியாக்டருக்குள் இருந்த பழைய கேட்டலிஸ்ட், அந்த வினையூக்கிக் குருணை, காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும் என்று நைட்ரஜன் நிரப்பியிருந்தார்கள். இரண்டு மூச்சு இழுத்தால் ஆள் காலி. பூட்டிய ஹெல்மெட், மேலிருந்து குழாயில் காற்று. வெளியே பேனலில் நான். காதில் உன் குரல், கைக்கடியில் உன்னைத் தூக்கும் வின்ச்சின் சுவிட்ச்.

சாப்பாட்டு நேரம் முடிந்து கொஞ்ச நேரத்தில், உள்ளே சுவர்போல் இறுகி நின்ற கேட்டலிஸ்ட் சரிந்தது. உன்னோடு இறங்கிய நேபாளி இடுப்புவரை புதைந்தான். பேனலில் உன் காற்றழுத்த முள் துடித்தது. சூப்பர்வைசர் என் தோளைப் பிடித்து, இழுக்கச் சொல்லி, "கீஞ்சோ பாய், கீஞ்சோ" என்றார். சந்தேகம் வந்தால் இழு, அதுதான் விதி. நீ வேண்டாம் என்றாய். நேபாளியின் காற்றுக் குழாய் உன் கயிற்றில் சுற்றியிருக்கிறது, இழுத்தால் பிடுங்கிக்கொள்ளும் என்றாய்.

உன்னை எப்படி நம்புவது? காற்றுக் குறைந்தவனுக்கு முதலில் போவது பயம்தான். குடித்தவன் மாதிரி, சூப்பரா இருக்கேன் என்பான். அடுத்த நிமிஷம் விழுவான். அதனால் ஒன்றே ஒன்று கேட்டேன், எப்படிடா இருக்கே என்று.

"பயமா இருக்குடா. இழுக்காதே."

சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன்.

பொறுமை எனக்கு வராது, உனக்குத் தெரியும். நீ கையால் தோண்டும் சத்தத்தையும் உன் மூச்சையும் கேட்டபடி நின்றேன். சூப்பர்வைசர் திட்டியது எதுவும் காதில் ஏறவில்லை. கடைசியில், இப்ப இழு, அவனை முதல்ல என்றாய். இரண்டு பேரும் மேலே வந்தீர்கள். கேம்பில் எல்லாரும் உன்னை ஹீரோ என்றார்கள். நீ சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்தாய்.

அப்படிப்பட்டவன் லீவில் ஊருக்குப் போய், நெஞ்சுவலியை யாரிடமும் சொல்லவில்லையாம். கேட்டதற்கெல்லாம் வாயுத் தொந்தரவு என்றாயாம். உன் சாவுக்கு மறுநாள் உன் மனைவி போனில் அழுதுகொண்டே சொன்னது. எனக்கு இன்னும் கோபம்தான்டா. மைக்கில் அத்தனை பேருக்கும் கேட்கும்படி பயத்தைச் சொன்னவன், அடுப்படியில் நின்றவளிடம் சொல்லியிருக்கலாம்.

இப்போது நான் பேனலில் உட்காருவதில்லை. ஆட்களை இறக்கும் பொறுப்பு என்னுடையது. இறங்குவதற்கு முன் ஒவ்வொருவனும் பயமாக இருக்கிறது என்று அவனவன் பாஷையில் மைக்கில் ஒருதடவை சொல்ல வேண்டும். அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று பேனலில் இருப்பவன் தெரிந்துவைத்துக்கொள்ளட்டும். சிரிக்கிறார்கள், ஆனால் சொல்கிறார்கள்.

போன வாரம் ஒருவன், என்னைவிட ஒரு முழம் உயரம், சொல்ல மாட்டேன் என்றான். அவனை இறங்க விடவில்லை.