சமையலறை ஜன்னலைத் திறந்துவிட்டோம்

அன்புள்ள சிட்டுவுக்கு, அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான் நலம். அம்மாவும் நலம் என்று சேர்த்து எழுதிவிடுவதுதான் வழக்கம், இந்தத் தடவை அதை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். பதறாதே, பதறும்படி இன்னும் எதுவும் ஆகவில்லை. தினமும் போனில் பார்க்கிறோமே, இவர் எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போன் அம்மா கையில் இருக்கிறது, சொல்ல வேண்டியதும் அம்மாவைப் பற்றித்தான், எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்ததும் முதலில் நம் வீட்டுக்குத்தான் வந்தாள். வந்தவள் சும்மா இருப்பாளா, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போய், அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, என்ன அண்ணி சுவரெல்லாம் மை கொட்டின மாதிரி இருக்கு என்று கேட்டுவிட்டாள். அம்மா அது பழைய கறை என்றாள். பழைய கறையாவது ஒன்றாவது, நான் இரண்டு தடவை சுரண்டிப் பெயிண்ட் அடித்த சுவர் அது. அடித்த மூன்றாம் மாதம் பூசணம் பொட்டுப் பொட்டாகத் திரும்ப வந்து நிற்கும். அலமாரியின் பின்பலகை ஊறிப்போய், தொட்டால் கையோடு வருகிறது. உனக்கு இது தெரிய நியாயமில்லை. உன்னோடு பேசும்போது அம்மா எந்தச் சுவர் ஓரம் நிற்கிறாளோ அந்தச் சுவரை மட்டும் பளிச்சென்று வைத்திருக்கிறேன், அது அம்மாவின் உத்தரவு.

போன வருஷம் நானே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினேன். முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் மோட்டார் பார்த்தவன், ஒரு ஃபேன் மாட்டத் தெரியாதா என்ற எண்ணம். அது என்னவோ ஜோராகத்தான் சுற்றியது, ஆனால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிவது நிற்கவில்லை. கடைசியில் ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு முனை வீட்டு எலக்ட்ரீஷியன் பெண்ணைக் கூப்பிட்டேன், உன்னைவிட நாலைந்து வயது சின்னவள். ஃபேனை ஓடவிட்டு அதன்மேல் ஒரு செய்தித்தாளை வைத்தாள், தாள் வழுக்கிக் கீழே விழுந்தது. கதவை ஒரு சாண் திறந்தாள், மறுபடி வைத்தாள், தாள் அப்படியே ஒட்டிக்கொண்டது. உள்ள காத்து வந்தாத்தானே சார் வெளிய போகும், எல்லாத்தையும் அடைச்சு வச்சிட்டு ஃபேனைத் திட்டினா அது என்ன பண்ணும் என்றாள். கதவுக்கு அடியில் ஏன் துணி திணித்திருக்கிறது, ஜன்னலைச் சுற்றி ஏன் டேப் ஒட்டியிருக்கிறது என்றும் கேட்டாள். அவளிடம் மழுப்பிவிட்டேன், உன்னிடம் மழுப்ப முடியாது.

கீழே கார் தகரம் தட்டும் பட்டறை வந்தது உனக்குத் தெரியும். ஒன்பது மணிக்கு ஆரம்பித்துவிடுவார்கள். நீ கூப்பிடுவது ஒன்பதரைக்கு, இங்கே சமையல் நேரம். அவர்கள் வந்த முதல் வாரம் நீ, ஒண்ணுமே கேக்கலைம்மா, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டாய். அன்றைக்கு மத்தியானம் கடைக்குப் போய் டேப் வாங்கி வந்து ஜன்னலை ஒட்டியது நான்தான். ஃபேன் இரைச்சலும் உன் குரலை விழுங்குகிறது என்று நீ பேசும்போது அதையும் நிறுத்திவிடுவோம். மூன்று வருஷமாகத் தினமும் ஒரு மணி நேரம், அடுப்பில் இரண்டு பாத்திரம் கொதிக்க, கதவு ஜன்னல் சாத்தி, நீ பேச அம்மா கேட்க. அத்தனை ஆவியும் போக்கிடம் இல்லாமல் சுவரில்தான் இறங்கியிருக்கிறது. உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. குற்றவாளி டேப் வாங்கினவன்.

இப்போது இருமலுக்கு வருகிறேன். எட்டு மாதமாக இருக்கிறது. பேச்சு நடுவில் சத்தம் கட்டாகிறது, நெட்வொர்க் சரியில்லை என்று நீ அடிக்கடி சொல்கிறாயே, நெட்வொர்க்குக்கு ஒரு கேடும் இல்லை. இருமல் வந்தால் அம்மா கட்டைவிரலால் சத்தத்தை அமுக்கிவிட்டு, தொட்டிப் பக்கம் திரும்பி இருமித் தீர்த்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி அமுக்குகிறாள். ஹாலில் உட்கார்ந்து தினமும் பார்க்கிறேன். டாக்டரிடம் கூட்டிப்போனேன். வீட்டில் ஈரச்சுவர் இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டபோது அம்மா இல்லை என்றாள், நான் இருக்கிறது என்றேன். மருந்து பாதிதான், சுவர் காயணும், இப்படியே விட்டா மூச்சிழுப்புல கொண்டுபோய் விட்டுடும் என்றார்.

டேப்பைப் பிய்த்தாயிற்று. அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டிருக்கிறேன், அடுப்பை அணைத்த பிறகும் கால் மணி நேரம் ஃபேன் ஓடுகிறது, சுவரும் காய ஆரம்பித்திருக்கிறது. நீயும் அங்கே குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் சாத்தி வைத்துச் சமைக்காதே, கண்ணாடியில் தண்ணீர் கோத்தால் துடைத்துவிடு. இங்கே மிச்சம் இருப்பது ஒன்பதரை மணி மட்டும்தான், நீ கூப்பிட்டதும் அம்மா ஜன்னலை மறுபடி சாத்துகிறாள். சமையலை முடித்துவிட்டு ஹாலில் உட்கார்ந்து நிதானமாகப் பேசேன் என்றேன். சமைச்சுக்கிட்டே பேசினா அவ பாட்டுக்குப் பேசுவா, வேலையை விட்டுட்டு உக்காந்து பேசினா என்ன விஷயம்னு கேப்பா, என்கிட்ட என்ன விஷயம் இருக்கு என்றாள். இரண்டு நாளாக அதுதான் மனதில் கிடந்து உறுத்துகிறது.

அதனால் இனிமேல் எட்டு மணிக்குக் கூப்பிடு. பட்டறை திறந்திருக்காது, அடுப்பும் பற்றவைத்திருக்க மாட்டாள். உனக்கு அது வேலை முடிந்து அலுத்து வருகிற நேரம் என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன். இருவரும் நன்றாக, நிறைவாக இருங்கள், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. கூப்பிட்டால் வாய்க்கு வந்ததைப் பேசு, அம்மா பேசுவதையும் பேசவிடு. என்ன விஷயம் என்று மட்டும் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா