வாய் மூடிய பிறகும் பேசும் டீச்சர்

மார்ச் 3, செவ்வாய்

உறுதியான தகவல்: ‘மூன்றாம் மாடி’ என்ற அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) தொடர், நம் மொழிக் குரலில் நேற்று மாலை ஆறரைக்கு வெளியானது. இனி திங்கள், வியாழன் இரு நாளும் வரும். மொத்தம் பன்னிரண்டு அத்தியாயங்கள். ஆதாரம்: என் மனைவி. அதில் வரும் வகுப்பு டீச்சருக்குக் குரல் கொடுத்திருப்பவள் அவள்தான்.

முதல் அத்தியாயத்தில் டீச்சருக்கு ஒன்பது வசனம் என்று எண்ணினேன். பதினொன்று என்றாள். இரண்டு “ம்”களை நான் விட்டுவிட்டேனாம். சரி, பதினொன்று.

கதை என்று பெரிதாக இல்லை. பள்ளிக்கூடத்தின் மூன்றாம் மாடியில் நான்கு மாணவிகள் ஒரு மன்றம் வைத்திருக்கிறார்கள். எதற்கான மன்றம் என்று அவர்களுக்கே தெரியாது. நேற்று இருபத்திரண்டு நிமிடமும், ஜன்னலை யார் எழுந்து போய்ச் சாத்துவது என்ற பேச்சிலேயே போயிற்று. கடைசியில் டீச்சர் வந்து, “ஜன்னல் சாத்தித்தான் இருக்கிறது” என்கிறாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் ஒரு தடவை சிரித்தேன்.

காலையில் பத்திரிகை அலுவலகத்தில் இணைப்பிதழ் ஆசிரியை கூப்பிட்டார். அந்தத் தொடருக்கு வரும் பார்வையாளர் கருத்துகளை வைத்து எண்ணூறு சொல்லில் கட்டுரை வேண்டுமாம், பதினான்காம் தேதி இதழுக்கு. மனைவி விஷயத்தைச் சொன்னேன்.

“அதக் கட்டுரை அடியில ஒரு வரி போட்டுடுங்க சார். மத்த ரிப்போர்ட்டர் எல்லாரும் வெள்ளச் செய்திக்குப் போயிட்டாங்க. ஆபீஸ்ல நீங்களும் காபி மெஷினும்தான் இருக்கீங்க.”

ஒப்புக்கொண்டேன். தப்போ?

மார்ச் 4, புதன்

இன்று காலை எட்டு மணி நிலவரம்: தொடரின் இணையப் பக்கத்தில் 214 கருத்துகள். எல்லாவற்றையும் படித்தேன். “ஒண்ணுமே நடக்கல” என்ற சொற்றொடர் 38 இடங்களில் வருகிறது. அதில் 17 பேர் குறையாகச் சொல்கிறார்கள், 21 பேர் பாராட்டாகச் சொல்கிறார்கள். இருபத்தொன்பது ஆண்டு நீதிமன்றச் செய்தி எழுதியவனுக்கு, ஒரே வாக்குமூலத்தை இரு தரப்பும் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வது புதிதல்ல. ஆனாலும் ரசித்தேன்.

டீச்சரின் குரலைப் பற்றி 61 பேர். எதிர்ப்பு 43, ஆதரவு 18.

மாலையில் அவள் கேட்டாள்: “என்ன போட்டிருக்காங்க?”

“கலவையா இருக்கு.”

“ஏங்க, இருபத்தாறு வருஷம் கோர்ட்டுல மொழிபெயர்ப்பாளரா இருந்திருக்கேன். அடுத்தவன் சொன்னதுல ஒரு வார்த்தை கூட்டினதில்ல, கொறச்சதில்ல. எனக்கே சுருக்கம் சொல்றீங்களா?”

உட்கார்ந்து 61-ஐயும் வாசித்தேன். “டீச்சர் வாய் மூடிடுச்சு, குரல் மட்டும் இன்னும் போய்ட்டிருக்கு.” “தூக்கக் கலக்கத்துல இருக்கற டீச்சர் ஏன் நியூஸ் வாசிக்கிறாங்க?” இப்படி. முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டாள். சாட்சிக் கூண்டின் பக்கத்தில் நின்று கேட்பாளே, அதே முகம்.

மகள் மட்டும் இடையில், “ம்மா, ஒரிஜினல்ல அந்த டீச்சர் கொட்டாவி விட்டுக்கிட்டே பேசுவாங்க. நீ என்னமோ சம்மன் படிக்கிற” என்றாள்.

“நீ மொதல்ல ஒழுங்கா எந்திரிச்சு லேபுக்குப் போ. அப்பறம் கொட்டாவியப் பத்திப் பேசலாம்.”

மார்ச் 6, வெள்ளி

குரல் இயக்குநர் அவளிடம் பேசினார். ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வந்த இடத்தில் இவள் குரலைக் கேட்டு, ஓய்வு பெற்றதும் ஸ்டுடியோவுக்கு வாருங்கள் என்று அழைத்தவர் அவர்தான். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சேனல்ல ஒரு கருத்துப் படிவம் விட்டிருக்காங்க, இருபதாம் தேதி வரைக்கும். அதப் பாத்துட்டு ஒன்பதாவது எபிசோடுலேர்ந்து டீச்சர் குரல மாத்தலாமான்னு முடிவு பண்ணுவாங்களாம்.”

“நியாயம்தான் தம்பி” என்று மட்டும் சொன்னாள்.

ஆக, பிரச்சினை இதுதான். அவள் திரையில் டீச்சர் பேசி முடிக்கும் வரை காத்திருக்கிறாள், அப்புறம்தான் வாயைத் திறக்கிறாள். சாட்சி முடிக்காமல் மொழிபெயர்ப்பாளர் குறுக்கிடக் கூடாது என்பது அவள் வேலையின் முதல் விதி. ஒலிப்பதிவுக்காரர் குரலை முன்னால் இழுத்துப் பொருத்திப் பார்த்திருக்கிறார். ஆனால் நீளம் மிஞ்சுகிறது. வாயசைவுக்கு ஏற்ப ஒரு சொல்லை வெட்டச் சொன்னால், “அந்தம்மா அதச் சொல்லியிருக்காங்களே” என்கிறாளாம்.

இரவு சாப்பிடும்போது கேட்டேன். இந்த வேலை போனால் வருத்தமா?

“ஆமா” என்றாள். பிறகு, “இத்தன வருஷம் கொலகாரனுக்கும் குரல் குடுத்தேன், கடன்காரனுக்கும் குடுத்தேன். யாராவது சிரிக்கிறதுக்காகப் பேசுறது இதான் மொதத் தடவ” என்றாள்.

இது எனக்குத் தெரியாமல் போயிற்று. எப்படித் தெரியாமல் போயிற்று?

மார்ச் 8, ஞாயிறு

கருத்து எழுதியவர்களில் முப்பது பேருக்குத் தகவல் அனுப்பியிருந்தேன். பதினோரு பேர் தொலைபேசி எண் தந்தார்கள். இன்று பதினோரு பேரிடமும் பேசினேன். எழுதியது நீங்கள்தானா, எந்த அத்தியாயம் பார்த்தீர்கள், எங்கே சிரித்தீர்கள்.

“சார், கமென்டுக்கெல்லாமா விசாரணை? நான் வக்கீல வச்சுக்கணுமா?” என்றார் ஒரு பேருந்து ஓட்டுநர். ஓய்வறையில் ஆறு ஓட்டுநர்கள் சேர்ந்து பார்க்கிறார்களாம். “நாள் பூரா ரோட்டுல என்னென்னமோ நடக்குது சார். அரை மணி நேரம் ஒண்ணும் நடக்காம இருந்தா எவ்ளோ நல்லாருக்கு!”

“டீச்சர் குரலை மாற்றும்வரை பார்க்க மாட்டேன்” என்று எழுதியவர் ஒரு மருந்துக்கடைக்காரர். முதலிலிருந்தே அவர் பார்க்கவில்லை. யாரோ அனுப்பிய இருபது வினாடித் துண்டுதான். “அதுக்கு மேல பாத்தா மனசு மாறிடும்னு பாக்கல சார்” என்றார். நேர்மையான மனிதர்.

தபால் பிரிக்கும் பணியில் இருக்கும் ஒரு அம்மா. அவர் மகளுக்கு ஆறு வயது. முன்பு மூல மொழியில் பார்த்தபோது, அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் திரையடி சப்டைட்டில் ஓடிவிடுமாம். “இப்பதான் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சிரிக்கிறோம்ங்க. அந்த டீச்சர் வாய மூடின பெறகும் பேசும் பாருங்க, எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான் பேசிட்டுத் திரியிறோம். நேத்து என் வீட்டுக்காரர் வெறும் வாய அசைச்சுட்டு, மூடிட்டு, அப்பறம் ‘உப்பு பத்தல’ங்குறார். நான் சிரிச்ச சிரிப்புல அவர் திட்ட வந்ததையே மறந்துட்டார்.”

பதினோரு அழைப்பில் இதுதான் சிறந்தது. குறித்துக்கொண்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

இன்று ஐந்து, ஆறாம் அத்தியாயங்களுக்கு ஒலிப்பதிவு. அவள் நாலு நாளாக மூலத் தொடரைப் பார்த்து வாயசைவைப் பழகினாள், கொட்டாவியோடு. திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னாள்: “குரல் உதட்டோட ஒட்டிடுச்சு.”

மார்ச் 12, வியாழன்

கட்டுரை கொடுத்தேன். 806 சொல்.

மார்ச் 14, சனி

வெளியானது. கடைசியில் அந்த வரி: “டீச்சருக்குக் குரல் கொடுத்தவர் இக்கட்டுரையாளரின் மனைவி.”

அவள் நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து ஒரு தடவை. என் குறிப்பேட்டைக் கேட்டாள், கொடுத்தேன்.

“ஆதரவு பதினெட்டுன்னு இதுல இருக்கு. பேப்பர்ல காணோம்.”

“இடம் இல்ல.”

“எதிர்ப்புக்கு நாலு பேர் மேற்கோள். அதுக்கு மட்டும் இடம் இருந்துச்சா?”

நான் குறிப்பேட்டை வாங்கக் கை நீட்டினேன்; அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

“தபால் ஆபீஸ் அம்மா எங்க?”

“உனக்குச் சாதகமா இருந்துச்சு. நான் போட்டா நல்லாருக்காதுன்னு…”

“நல்லாருக்காதா? அந்தம்மா உங்ககிட்ட நம்பிச் சொன்னது எனக்காக இல்லங்க. அவங்க கருத்து அது. நீங்க நல்லவர்னு பேர் வாங்க ஒரு சாட்சிய மறைச்சிருக்கீங்க.”

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

எழுதிப் பார்க்கிறேன். பாரபட்சம் காட்டிவிடுவேனோ என்ற பயத்தில் எதிர்ப்பக்கம் பாரபட்சம் காட்டியிருக்கிறேன். அந்தப் படிவம் வேறு திறந்து கிடக்கிறது. நாலு மேற்கோளைப் படித்துவிட்டு எத்தனை பேர் போய் “மாற்று” என்று அழுத்தினார்களோ. என்ன வேலைடா பண்ணி வச்சிருக்க, இத்தன வருஷ சர்வீஸ்ல?

மார்ச் 15, ஞாயிறு

அவள் வழக்கம்போலவே இருக்கிறாள். டீ கொடுத்தாள். சர்க்கரைகூடச் சரியாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

இணைப்பிதழ் ஆசிரியையிடம் திருத்தம் போட வேண்டும் என்றேன்.

“சார், பேர் தப்பா? தேதி தப்பா?”

“ரெண்டும் சரி. ஆனா ஒரு பக்கத்த விட்டுட்டேன்.”

குறிப்பேட்டைப் புரட்டினார். “இந்த உப்பு விஷயத்தப் போய் விட்டிருக்கீங்களே சார்! இத வச்சே தலைப்பு போட்டிருப்பேன்.” சனிக்கிழமை இதழில் இடம் தருகிறார். பதினோரு ஆண்டில் என் முதல் திருத்தம். போன தடவை ஒரு நீதிபதியின் வயது.

மாலை ஐந்தாம் அத்தியாயம். டீச்சரின் உதடும் குரலும் பிசகவே இல்லை. கொட்டாவி அருமை. மகள் சிரிக்கவில்லை.

“நல்லாருக்கும்மா” என்றாள். யாரும் “நல்லாருக்கு” என்று சொல்கிற இடமே அல்ல அது. சிரிக்கிற இடம்.

மார்ச் 17, செவ்வாய்

இன்று காலை நிலவரம்: 340 கருத்துகள். டீச்சரைப் பற்றி 122. “பழைய டீச்சரைக் கொடுங்க” என்ற பொருளில் 70. புதிது பிடித்தவர்கள் 31. மீதி 21 பேர் என்ன சொல்ல வருகிறார்கள் என்று மூன்று முறை படித்தும் விளங்கவில்லை.

“டீச்சருக்கு என்னாச்சு? லீவு போட்டுட்டு வேற டீச்சரை அனுப்பிட்டாங்களா?” இதற்கு மட்டும் 212 விருப்பக்குறிகள். மருந்துக்கடைக்காரரும் வந்திருக்கிறார்: “இப்பதான் முதலிலிருந்து பார்த்தேன். பழையதுதான் சரி.”

122-ஐயும் அவளுக்கு வாசித்தேன். எதையும் விடவில்லை.

“லேட்டா பேசினா ஏன் லேட்டுங்குறாங்க. சரியாப் பேசினா ஏன் சரியாப் பேசுறங்குறாங்க. இவங்களுக்கு என்னதாங்க வேணும்?” என்றாள். ஆனால் உதட்டோரத்தில் ஏதோ இருந்தது.

மார்ச் 18, புதன்

நாளை ஏழு, எட்டு ஒலிப்பதிவு. இயக்குநர் கேட்டாராம்: “அக்கா, முன்ன மாதிரியே பேசிடுறீங்களா?”

“முன்ன நான் எப்படிப் பேசினேன்னு எனக்கே தெரியாது தம்பி. சும்மா இருந்தேன், அவ்ளோதான்.”

மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அவளுக்குப் பயிற்சி. வேண்டுமென்றே தாமதித்தால் செயற்கையாக இருக்கிறது. மகள் சோபாவில் படுத்தபடி, “நடிக்கிற, நடிக்கிற” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் என் மனைவியே திரையை அணைத்துவிட்டு என்னிடம் வசனக் காகிதத்தைக் கொடுத்தாள். “நீங்க டீச்சர் வசனத்த வாசிங்க. நான் கேட்டுட்டுச் சொல்றேன்.”

எழுந்து நின்று வாசித்தேன். “இந்த மன்றத்தின் நோக்கம் என்ன என்று எழுதித் தரச் சொல்லி மூன்று மாதம் ஆகிறது.” அவள் என்னைப் பார்த்தாள். முடித்தேனா என்று ஒரு கணம் காத்தாள். பிறகு அதே வரி, ஒரு சொல் கூடாமல் குறையாமல், நான் வாயை மூடிய பிறகு.

மகள் எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். நானும் சிரித்ததில் அடுத்த வசனத்தை விட்டுவிட்டேன்.

“சாட்சி, அமைதியா இருங்க” என்றாள் என் மனைவி.

நாங்கள் முதன்முதலில் பேசிக்கொண்டது ஒரு சைக்கிள் திருட்டு வழக்கில். அன்றுகூட இவ்வளவு சிரித்ததாக நினைவில்லை.

மார்ச் 19, வியாழன்

ஸ்டுடியோவில் முகத்தைத் திரைக்கு மறுபக்கம் திருப்பிக்கொண்டு, மூலக் குரலை ஹெட்போனில் மட்டும் கேட்டுப் பேசியிருக்கிறாள். ஒலிப்பதிவுக்காரர் சிரித்து இரண்டு பதிவு வீணாயிற்றாம். மன்னிப்புக் கேட்டாராம்.

மார்ச் 21, சனி

திருத்தம் வெளியானது, எட்டாம் பக்கம், கீழே இடது பக்கம். 61, 43, 18 மூன்றும் இருக்கின்றன. தபால் பணியாளரின் வார்த்தைகள் முழுதாக இருக்கின்றன. விட்டது என் பிழை என்றும் இருக்கிறது. காலை பத்து மணிக்கு அந்த அம்மா அழைத்தார். அந்தப் பக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாராம். அவர் கணவர் மட்டும், உப்புச் செய்தி ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டதே என்று குறைப்பட்டாராம்.

கருத்துப் படிவம் நேற்றே மூடிவிட்டது. அதனால் இந்தத் திருத்தம் முடிவை எந்தப் பக்கமும் தள்ளியிருக்க முடியாது. எனக்கு அதில் நிம்மதி. போன வாரக் கட்டுரை தள்ளியதா என்பது இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

அவள் திருத்தத்தைப் படித்தாள். “இப்ப சரி” என்றாள். பிறகு என் தட்டில் இருந்த ரொட்டித் துண்டை எடுத்துத் தின்றாள்.

மார்ச் 22, ஞாயிறு

மாலை நாலு மணி. அவள் பக்கத்து அறையில் இருக்கிறாள். ஒன்பதாம் அத்தியாயத்தின் வசனத் தாள்களை இயக்குநர் காலையிலேயே அனுப்பியிருக்கிறார். “சும்மா கைல வச்சிருங்கக்கா” என்று மட்டும் எழுதியிருக்கிறார். மகள் இதையே வேலை நிலைத்ததற்கான உத்தரவு என்கிறாள். நான் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன். தாள் அனுப்புவது ஒன்று, குரல் பட்டியலில் பெயர் போடுவது வேறு.

அவள் ஒவ்வொரு வரியையும் ஒரு தடவை மனதுக்குள் கேட்டுவிட்டுச் சொல்லிப் பார்க்கிறாள். இடையில் தானே சிரித்துக்கொள்கிறாள். கருத்துகளில் என்ன வந்திருக்கிறது என்று மூன்று நாளாகக் கேட்கவில்லை.

நிலுவையில் இருப்பது: ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான அத்தியாயங்களுக்குச் சேனலின் குரல் பட்டியல். செவ்வாய், 24ஆம் தேதி, மாலை நாலு மணிக்கு மேல் இயக்குநர் தொலைபேசியில் சொல்வார். அன்று எனக்கு மூன்று மணிக்கு வேலை முடிகிறது; நாலுக்குள் வீட்டில் இருப்பேன்.