முக்காலியில் வைத்த கால்

திண்டுக்கல்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்பு மகள் ஷைனிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம். மஸ்கட்டில் வெயில் எப்படி இருக்கிறது? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? இதென்ன, அம்மா பேப்பரில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறாளே என்று சிரிக்காதே. போனில் பேசினால் இரண்டாவது பேச்சிலேயே நான் கத்துவேன். நீயும் "டூட்டிக்கு நேரமாச்சும்மா" என்று வைத்துவிடுவாய். நீ போன லீவுக்கு வந்து போனதிலிருந்து நாம் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். பேப்பர் என்றால் நான் முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

முதலில் அப்பா சேதி. காலில் புதிதாகப் புண் எதுவும் இல்லை. சர்க்கரை பார்த்தோம், இந்தத் தடவை டாக்டர் திட்டவில்லை. சர்க்கரைக்காரர்களுக்கென்று நீ வாங்கிக் கொடுத்த எம்.சி.ஆர். செருப்பைப் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போகிறார். அது கிழவன் செருப்பு மாதிரி இருக்கிறதாம். இந்த வயதில் பெண்ணா பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். பரோட்டாவை மட்டும் விடமாட்டேன் என்கிறார். அதை நீயே போனில் கேள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் என்னை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் எடுக்கிறவர்களுக்குத் 'திறந்த கல்வி வளங்கள்' பற்றிச் சொல்லிக் கொடுக்கிறார்களாம். பெயரைக் கேட்டதும் எனக்குக் கொட்டாவி வந்தது. ஆனால் விஷயம் லேசுதான். ஒருத்தர் ஒரு படமோ வீடியோவோ பாடமோ செய்து, யாரும் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள், காசு வேண்டாம் என்று இன்டர்நெட்டில் போட்டுவிடுகிறார். செய்தவர் பெயரை மட்டும் எடுத்துவிடக் கூடாது. நடத்தியவள் இளவேனில் என்று ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். நல்ல பொறுமைசாலி. மாவட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுக்க ஒரு சுகாதாரப் புத்தகம் அச்சடிக்கப் போகிறார்களாம். அதில் வரப்போகிற படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இது வேண்டுமா, எதை மாற்றலாம் என்று மேசை மேசையாகக் கருத்துக் கேட்டாள்.

என் மேசையில் பேகம்பூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் ருக்சானாவும், தொப்பம்பட்டியிலிருந்து வந்த ஒரு சாரும் இருந்தார்கள். உன்னைப் பற்றிக் காலையிலிருந்து அளந்துகொண்டிருந்தேன். என் மக ஷைனி மஸ்கட்ல நர்சு, அம்புட்டுப் பொறுப்பு என்று ருக்சானா காது வலிக்கிற அளவுக்குச் சொல்லியாகிவிட்டது.

சர்க்கரை நோய்ப் பாடத்துக்கு ஒரு படம் வந்தது. திரை முழுக்க ஒரு கால். பெருவிரல் கறுத்து, பாதத்தில் குழி விழுந்து, சுற்றிலும் வெள்ளையாக ஊறிப்போய். அய்யோ என்று எல்லாரும் முகத்தைத் திருப்பினார்கள். மாதாவே என்று நானும்தான் திருப்பினேன். திரும்பிப் பார்த்தபோது அந்தக் காலை வைத்திருந்த முக்காலி கண்ணில் பட்டது. நீல பிளாஸ்டிக் முக்காலி, உடைந்த காலில் செம்புக் கம்பி சுற்றியது. அந்தக் கம்பியைச் சுற்றியவள் நான். முக்காலியை அடையாளம் கண்ட பிறகுதான் ஷைனி, கால் யாருடையது என்று எனக்குத் தெரிந்தது.

போன லீவுக்கு வந்திருந்தபோது டாக்டரிடம் காட்ட என்று நீ எடுத்த படம். அதை ஊருக்கே கொடுத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. அப்போது ருக்சானா, "ஏன் ராணி, இது இந்த அளவுக்குப் போற வரைக்கும் அந்த வீட்டுப் பொம்பளை கண்ணை எங்கன வச்சிருந்தா?" என்று கேட்டாள். தொப்பம்பட்டி சார், "சம்சாரம் இல்லாத ஆளா இருக்குமுங்க" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இப்படியும் பொம்பளைங்க இருக்காளுக, என்னத்தச் சொல்ல" என்றேன். அவர்களைவிடச் சத்தமாகச் சொன்னேன்.

அதோடு விட்டேனா? மேசையின் கருத்தைச் சொல்லச் சொல்லி மைக்கை என் கையில்தான் கொடுத்தார்கள். படம் அருவருப்பாக இருக்கிறது, பிள்ளைகள் பயந்துபோவார்கள், எடுத்துவிடுங்கள். வைத்தே ஆகவேண்டும் என்றால் கீழே ஏதோ பொடி எழுத்தில் இருக்கிறதே, அதையாவது வெட்டிவிட்டுப் பளிச்சென்று போடுங்கள் என்றேன். இளவேனில் சிரித்துக்கொண்டே, "அதை மட்டும் வெட்டக் கூடாது மேடம், அது செஞ்சவங்க பேரு" என்று அந்த வரியைப் பெரிதாக்கிக் காட்டினாள். 'படம்: ஷைனி, செவிலியர். இது என் அப்பாவின் கால். அவர் சம்மதத்தோடு தருகிறேன். யாரும் எடுத்துக்கொள்ளலாம்.' இந்தப் படத்தைக் காட்டுகிற ஊரிலெல்லாம் சனங்கள் செருப்பைக் கழற்றித் தங்கள் காலைப் பார்க்கிறார்கள், வேறு எந்தப் படத்துக்கும் அப்படிப் பார்ப்பதில்லை என்றும் சொன்னாள். ருக்சானா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மைக்கை அணைக்கத் தெரியாதவள் மாதிரி அதையே திருகிக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மன்னிச்சுக்க ராணி, வாய் தவறிப் பேசிட்டேன்" என்றாள். எதுக்கு மன்னிப்பு என்று ஒன்றும் புரியாதவள் போலக் கேட்டேன். பாவம், அவள் முகம் செத்துவிட்டது. தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தாள். கடைசியில் பின்னூட்டப் படிவம் கொடுத்தார்கள். பயிற்சியில் உங்களுக்குச் சங்கடம் தந்தது எது என்று ஒரு கேள்வி. சாம்பாரில் உப்பு அதிகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். சேவல் கூவும் முன்னே ஆண்டவரைத் தெரியாது என்ற சீடர் மாதிரி, உன் அப்பாவை ஒரே நாளில் மூன்று தரம் மறுதலித்தேன், ஷைனி. சேவல்தான் கூவவில்லை.

வீட்டுக்கு வந்து அவரிடம்தான் பாய்ந்தேன். அவர் வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "பாப்பா கேட்டுச்சு, சரின்னேன். மூஞ்சியவா போடுது, காலத்தானே போடுது" என்றார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ வெக்கப்படுவே" என்று சொல்லிவிட்டு அவரைக்காயைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அந்த மனுஷனுக்குத் தன் காலைப் பற்றி வெட்கமில்லை. எனக்கு வெட்கமாக இருக்குமே என்றுதான் மறைத்திருக்கிறார். புண்ணையும் அப்படித்தானே சாக்ஸுக்குள் மறைத்தார்.

அன்றைக்கு நீ அந்தச் சாக்ஸைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டது நினைவிருக்கிறதா? "திங்கக்கெழம திங்கக்கெழம ஊர்ப் பிள்ளைக நகத்தையெல்லாம் பாக்குறவதானேம்மா நீ?" நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். பெற்றவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா என்று இத்தனை நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். கோபமில்லை, பாப்பா. வெட்கம். வீட்டில் வாடை வந்தபோது எலி செத்துக் கிடக்கிறது என்று பீரோவை நகர்த்திப் பார்த்தவள் நான். பக்கத்தில் படுத்திருந்தவர் காலைப் பார்க்கவில்லை. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

நேற்று இளவேனில் போன் செய்தாள். எங்கள் மேசை சொன்னதை ஏற்று அந்தப் படத்தை எடுத்துவிட்டுக் கார்ட்டூன் கால் ஒன்று போடப் போகிறார்களாம். புத்தகம் செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போகிறது, சந்தோஷம்தானே மேடம் என்றாள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

நாளைக் காலையில் அவளைக் கூப்பிடப் போகிறேன். அது என் வீட்டுக்காரர் கால், படம் எடுத்தது என் மகள், புத்தகத்திலிருந்து அதை நீக்காதே என்று சொல்லிவிடுவேன். ருக்சானாவிடமும் நேரில் போய்ச் சொல்வேன். இதற்கெல்லாம் உன்னைக் கேட்கவில்லை, சொல்லத்தான் போகிறேன்.

கேட்பது வேறு ஒன்று. யாரும் எடுத்துத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம் என்றுதானே கொடுத்திருக்கிறாய். உன் வரிக்குக் கீழே ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன். 'நான் சுகாதாரப் பாடம் எடுக்கிற டீச்சர். இந்தக் காலோடு ஒரே வீட்டில் இருந்தும் பார்க்கவில்லை. நீங்கள் உங்கள் வீட்டில் பாருங்கள். சகாயராணி.' சட்டப்படி உன் அனுமதி தேவையில்லை என்று இளவேனில் சொல்வாள். எனக்குத் தேவை.

தினமும் காலையில் அவர் குளித்து வந்ததும் அதே முக்காலியில் காலை வைக்கச் சொல்லி, விரல் இடுக்கெல்லாம் துடைத்துப் பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்த விரல்கள் இரண்டும் வரப்போவதில்லை. இருப்பதைப் பார்த்துக்கொள்கிறேன், நீ அங்கே நிம்மதியாக வேலை பார்.

அந்தோணியார் உனக்குத் துணையாக இருக்கட்டும். இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன். நாளைக்குள் ஒரு வார்த்தை அனுப்பு, கண்ணு. உன் பெயருக்குக் கீழே என் பெயர் வந்தால் உனக்கு வெட்கமாக இருக்குமா?

உன் அம்மா,
சகாயராணி