மோர் வேறு, மோர்வால் வேறு

இன்று காலை நம் மோர்வால் காரின் பின்கதவைத் திறந்தேன். பழைய தோல் இருக்கையின் வாசனையும், அதற்கு நீங்கள் தேய்த்துவிடும் தேங்காய் எண்ணெயின் காறல் வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. அந்த வாடைக்கு அது தெரியவில்லை.

வண்டியைக் கேட்டு ஓர் அம்மா வந்திருந்தார். கல்யாணத்துக்கு. ஆமாம், நான் சரியாகத்தான் சொல்கிறேன், கல்யாணத்துக்குத்தான். இதை உங்களிடம் சொல்லாமல் நான் யாரிடம் போய்ச் சொல்வது? ஆனால் உங்களுக்கு எதையும் நடுவிலிருந்து சொன்னால் பிடிக்காது, "மொதல்லேர்ந்து வா" என்பீர்கள். வருகிறேன், பொறுங்கள்.

அது நம் வீட்டுக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நமக்குக் கல்யாணமாகி மூலக்குளத்தில் இந்த வீட்டைப் பாதி கட்டி, மீதிக்கு வழியில்லாமல் நிறுத்தியிருந்தோம். உங்களுக்குச் சேதராப்பட்டில் ஃபிட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடற்கரைப் பக்கம், முசே என்று எல்லோரும் கூப்பிடும் பெரியவர் வீட்டுக்கு ஓடிவிடுவீர்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, சைகோனிலிருந்து திரும்பி வந்தவர் அவர். வரும்போது கப்பலில் இந்த வண்டியையும் ஏற்றி வந்தவர். அவர் காலமானதும் பிரான்சிலிருந்து பிள்ளைகள் வந்து வீட்டை விற்றார்கள், வண்டியைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள். நீங்கள் வாய்விட்டுக் கேட்டு, லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினீர்கள். தெருவே கூடிவிட்டது.

"ஊர்ல ஆம்பளைங்க ஆட்டோ வாங்கறாங்க, மாடு வாங்கறாங்க. நீங்க கப்பலை வாங்கிட்டு வந்திருக்கீங்களே, எங்க நிறுத்தறது, என் தலை மேலயா?" என்று கத்தினேன்.

"தலை மேல வேணாம், பூ வாடிடும். மாமரத்தடியில நிறுத்திக்கறேன்" என்றீர்கள். எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் வந்து தொலைத்தது.

அதற்கப்புறம் அந்த வண்டியைச் செய்த கம்பெனியின் சரித்திரத்தை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன்! அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது, பையனுக்குப் பால் ஊட்டும்போது, கொசுவலை கட்டும்போது. பிரான்சில் வடக்கே ஒரு பள்ளத்தாக்கு, அதன் பேர் மோர்வால். அங்கே குதிரை வண்டிகளுக்கு லாந்தர் விளக்கு செய்த ஒரு குடும்பம். லாந்தரிலிருந்து சாரட்டு, சாரட்டிலிருந்து மோட்டார். அதனால்தான் வண்டி மூக்கின் மேல் அந்தச் சின்ன வெள்ளி லாந்தர். மந்திரிகளும் நாடகக்காரிகளும் சொல்லிவைத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பார்களாம். கதவு பொருத்தியதும் ஒரு ஆள் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சாத்திப் பார்ப்பானாம், சத்தம் சரியில்லை என்றால் கழற்றி உள்ளே அனுப்பிவிடுவானாம். யுத்தத்தில் பட்டாளத்துக்காரர்கள் வந்து பட்டறையைப் பிடுங்கிக்கொண்டு லாரி செய்யச் சொன்னார்கள். யுத்தம் முடிந்தபின் பெரிய எஞ்சினுக்கெல்லாம் வரி போட்டார்கள். வாங்க ஆளில்லை.

"மலிவா ஒண்ணு பண்ணி அந்தப் பேரைப் போட்டு வித்திருக்கலாம்ல? மாட்டேன்னுட்டாங்க. கேட்டை இழுத்துப் பூட்டிட்டாங்க. பேருக்காகப் பட்டறையை விட்டவங்கடி அவங்க" என்று அங்கலாய்ப்பீர்கள். ஏதோ நம் சொந்தக்காரர் சொத்து போனது போல. இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு முசேயின் கைச்சரக்கு என்று எனக்குத் தெரியாது. எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

உலகம் முழுக்க மரியாதையோடு சொன்ன பேர் நம் ஊரில் என்ன பாடுபட்டது! வண்டியை ஓடவைத்து நீங்கள் முதல்முறை வில்லியனூர் ரோட்டில் இறக்கிய அன்றே, "மோர் வண்டி வருது, சொம்பை எடுத்துட்டு வாடி!" என்று பைப்படியில் சிரித்தார்கள். பிள்ளைகள் "மோரு, வாலு" என்று பின்னால் ஓடினார்கள். நீங்கள் அதற்கெல்லாம் அசரவில்லை. கல்யாணத்துக்கு விடலாம், பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறி உட்கார்ந்தால் ஊர் தானாக வாயை மூடும் என்றீர்கள். கையில் கிடைத்ததை எல்லாம் அதில் போட்டு, வெள்ளைப் பெயிண்ட் அடித்து, ஒரு பெண்ணாவது இதில் மணவறைக்குப் போக வேண்டும் என்று பைத்தியமாக அலைந்தீர்கள். அந்த ஆசை உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதே இல்லை.

முதலும் கடைசியுமாக வந்தது அந்த மாதா கோயில் கல்யாணம். பிரான்சு குடும்பம், பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய நம்மூர்க்காரர்கள். மல்லிகைச் சரம் கட்டி, பெண்ணை உட்காரவைத்து, நீங்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனீர்கள். நான் கோயில் வாசலில் கூட்டத்தோடு நின்றேன், பார்க்க வேண்டுமே. வண்டி வந்து நின்றது. மாப்பிள்ளையின் அத்தை பின்பக்கமாகச் சுற்றி வந்தார். டிக்கியின் கைப்பிடி அந்தப் பேரை நடுவில் பிளந்துகொண்டு நிற்கும், இந்தப் பக்கம் 'மோர்', அந்தப் பக்கம் 'வால்'. அந்தம்மா 'மோர்' வரைக்கும்தான் படித்தார். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"மோன் தியே! மோர்னு எழுதியிருக்கு. மோர்னா பிரெஞ்சுல சாவு. சாவுன்னு எழுதின வண்டியில பொண்ணைக் கூட்டிட்டு வந்தீங்களா?"

நீங்கள் ஓடிவந்தீர்கள். "இல்ல மதாம், சாவுக்குக் கடைசியில 'தே'ன்னு ஒரு எழுத்து வரும். இதுல 'தே' இல்ல பாருங்க. இது ஊர் பேரு, ஒரே சொல்லு, பிரிச்சுப் படிக்கக்கூடாது" என்று விரலை வைத்து எழுத்துக்கூட்டிக் காட்டினீர்கள்.

"எழுதுறதுல வரும், சொல்லும்போது அந்தத் 'தே' எங்கப்பா வாயில வருது?" என்றார் அவர். அவர் சொன்னதும் சரிதான். பெண்ணை இறக்கி உள்ளே அழைத்துப் போனார்கள். பூசை முடிந்து அம்பாசிடரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சரங்களோடு வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு நீங்கள் வந்ததை நான் பார்த்தேன். வீடு வரைக்கும் என்னை ஏற்றிக்கொள்ளவே உங்களுக்குத் தோன்றவில்லை. நான் பஸ்ஸில் வந்தேன், திட்டிக்கொண்டேதான் வந்தேன், அழுதுகொண்டும்தான்.

அதன் பிறகு பேரில் இருந்த சாவு சரித்திரத்திலும் ஏறிக்கொண்டது. சைகோனில் அது பிணம் ஏற்றிய வண்டியாம். முசேயின் பெண்சாதி அதில்தான் செத்தாராம். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது, எல்லோருக்கும் எல்லாம் தெரியும். தாங்க முடியாமல் நான்தான் சொன்னேன், "அந்த எழுத்தைச் சுரண்டி எறிஞ்சிடுங்களேன், தொல்லை விட்டுது" என்று. என்னை நீங்கள் அப்படி முறைத்துப் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"பேரை எடுத்துட்டா அது தகரம். ஊர் வாயை நான் மூட முடியாது. ஊர் சொல்றது நெசமாயிடாம பாத்துக்க முடியும்ல?"

அதை விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அடுத்த வீட்டுப் பெரியவர் தவறியபோது தெரிந்தது. புயல் மழை, ரோடெல்லாம் தண்ணீர், ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவர ஒரு வண்டியும் வரவில்லை. அவர் மகன் நனைந்துகொண்டே வந்து கேட்டார். "வண்டி மட்டும் வேணாம், நான் வரேன்" என்றீர்கள். சேதராப்பட்டு கம்பெனி டெம்போவைக் கெஞ்சி எடுத்து, இடுப்பளவு தண்ணீரில் தள்ளி, நீங்களே தோள் கொடுத்துக் கொண்டுவந்து சேர்த்தீர்கள். ஆனாலும் அந்த மனிதர் நம்மோடு பேச்சை விட்டார். "எங்கப்பனைவிட உனக்குத் தகரம் பெரிசா" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கும் அன்றைக்கு மனசு பொறுக்கவில்லை, உங்களோடு இரண்டு வேளை பேசவில்லை. பிரசவத்துக்கு எத்தனை பேரை மோர்வாலில் ஏற்றிப் போனீர்கள், பாம்பு கடித்த பையனை எப்படிப் பறந்து கொண்டுபோனீர்கள்! அதெல்லாம் ஊர் வாயில் வரவே இல்லை. மூச்சு இருந்தால் ஏற்றுவீர்கள், மூச்சு நின்றால் ஏற்ற மாட்டீர்கள். அதுதான் உங்கள் சட்டம்.

அந்தச் சட்டத்தை உங்களுக்கும் போட்டுக்கொண்டீர்களே, அதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த உங்களுக்குச் சாத்துக்குடி பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்தீர்கள். "நான் போனா என்னை அதுல ஏத்தாதே. பிள்ளை ஏத்தணும்பான். விடாதே. ஒரு தடவை ஏத்திட்டா அவங்க சொன்னது நெசமாயிடும்." நான் "பேச்சைப் பாரு, வீட்டுக்கு வந்து வண்டியைத் துடைக்கிற வேலையைப் பாருங்க" என்று அதட்டினேன். நீங்கள் சாறைக் குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

மறுவாரம் நீங்கள் போனதும், நீங்கள் சொன்னபடியே நடந்தது. சென்னையிலிருந்து பையன் வந்து இறங்கியதும் முதல் பேச்சு அதுதான். "அப்பா வண்டியிலயே அப்பாவைக் கூட்டிட்டுப் போலாம்மா. அதைவிட மரியாதை என்ன இருக்கு?" சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சரி என்றார்கள். உங்கள் தங்கை, "எங்கண்ணன் சோறு தண்ணி இல்லாம கட்டிக் காத்த வண்டி, அண்ணி" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அடுத்த வீட்டுக்காரரும் வந்து நின்றார், மாமரத்தடியை மட்டும் பார்த்தார்.

நான் மாட்டேன் என்றேன். அப்பா வேண்டாம் என்று சொன்னார் என்றேன். "முடியாம கெடக்கிறவர் ஏதோ சொன்னார்னா அதைப் பிடிச்சுட்டுத் தொங்குவியா?" என்று பையன் கத்தினான். சாவி என் இடுப்பில் இருந்தது. நான் நகரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்றார்கள், காதில் விழும்படியே சொன்னார்கள். உங்களை ஏற்றிப் போக வந்த வண்டியின் கதவு சரியாகச் சாத்தவில்லை. இரண்டு பேர் பிடித்து ஓங்கி அடித்துச் சாத்தினார்கள். அந்தச் சத்தம், ஐயோ, உங்களுக்குக் கேட்டிருந்தால் எழுந்து வந்து கீலைக் கழற்றியிருப்பீர்கள். பள்ளத்துக்குப் பள்ளம் அது தடதடவென்று ஆடிக்கொண்டு போனது. உங்கள் வண்டியில் என்றால் ஒரு குலுக்கல் இருந்திருக்காதே என்று தெரு முனை வரைக்கும் எனக்கு அதே நினைப்பு. வாய்விட்டு அழக்கூட வரவில்லை.

இப்போது சங்கதி என்ன தெரியுமா? யாரோ பணக்காரர்கள் அந்தப் பழைய பேரை விலைக்கு வாங்கிவிட்டார்கள். பேட்டரியில் ஓடும் வண்டி செய்து, அதே லாந்தரைக் குத்தி, 'மோர்வால் மறுபடி வருகிறது' என்று எல்லார் போனிலும் காட்டுகிறார்கள். சொம்பு எடுத்துவரச் சொன்ன வீட்டுப் பேரப்பிள்ளைகள் மாமரத்தடிக்கு வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். "ஆயா, இது ஒரிஜினல் மோர்வாலா?" என்று நாக்கைச் சுழற்றிச் சுத்தமாகக் கேட்கிறார்கள். எனக்குச் சிரிப்பதா, விளக்குமாற்றை எடுப்பதா என்று தெரிவதில்லை. காசு இருக்கிறவன் சொன்னால் ஒரே சொல், என் புருஷன் சொன்னால் இரண்டு சொல். அப்படித்தானே?

அந்த அம்மா வந்தது அதனால்தான். காலாப்பட்டில் யுனிவர்சிட்டியில் படிக்கும் மகள், இந்த வண்டியில்தான் கோயிலுக்குப் போவேன் என்று அடம்பிடிக்கிறாளாம். அவர்களும் பிரான்சு குடும்பம்தான். அம்மாவும் மகளும் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். பெண் உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டாள். லீவுக்கு வந்திருந்த நம் பையன் கதவுப் பக்கம் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அந்த அம்மா மட்டும் பின்பக்கம் போய் அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மதாம், ஒண்ணு கேப்பேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "அதுக்கு ஒண்ணும் தெரியாது, சின்னப் பொண்ணு. எங்க வீட்டுப் பெரியவங்க கேட்டுட்டு வரச் சொன்னாங்க. இந்த வண்டியில எப்பவாவது சாவு போயிருக்குதா?"

"இல்ல" என்றேன்.

"சைகோன்ல..."

"அங்க எனக்குத் தெரியாது. இங்க வந்தப்புறம் இல்ல. எங்க வீட்டுக்காரரே இதுல போகல. ஏத்தக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனார், நான் ஏத்தல. உங்க பொண்ணு மாதிரி ஒரு பொண்ணு வருவான்னு சொல்லிட்டிருந்தார்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பூசை காலையில. வண்டியை எத்தனை மணிக்கு அனுப்புவீங்க?" என்று கேட்டார்.

பையன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றான். அவர்கள் போனதும் சட்டையைக் கழற்றி மரக்கிளையில் போட்டுவிட்டு, பம்ப்பை எடுத்துவந்து நாலு சக்கரத்துக்கும் காற்றடித்தான். அப்புறம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "நான்தான்மா ஓட்டுவேன்" என்றான். சரிடா என்றேன்.

அவனும் உள்ளே போன பிறகுதான் அழுதேன். அன்றைக்கு வராத அழுகை. நீங்கள் ஆசைப்பட்ட மணப்பெண் கிடைத்துவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை போகிறாள், நீங்கள் நிம்மதியாக இருங்கள். எனக்கு மட்டும் அந்த நிம்மதி வேண்டாம். நீங்கள் அத்தனை பேரை அலுங்காமல் கொண்டுபோனீர்கள், உங்களை நான் குலுங்கக் குலுங்க அனுப்பினேன். அதனால் வண்டிக்கு நல்ல பேர் கிடைத்துவிட்டது என்பதற்காக அது வலிக்காமல் போய்விடுமா? அந்த வலி என்னோடு இருக்கட்டும். உங்களை ஏற்றாத அந்த ஒரு நாளை நான் என்மேல் ஏற்றிச் சுமக்கிறேன்.