வயிறில்லாத பொம்மைக்குப் போட்ட சட்டை

அன்பு மகள் சில்லுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. மாப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை உட்கார்ந்து படி. முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். போன தடவை லாரி டிரைவர் அண்ணனிடம் சொல்லி அனுப்பினேனே, பிள்ளைக்குத் தலை கீழேதான் இருக்கிறது, வலி கண்ட பிறகு கிளம்பினால் போதும் என்று, அதை நம்பாதே சில்லு. அது தப்பு. உன் பிள்ளை தலையை மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்றுதான் இப்போது தெரிகிறது. நாளை லாரி சாமானை இறக்கிவிட்டுத் திரும்பும்போது நீ அதில் ஏறி வந்துவிட வேண்டும்.

எப்படித் தப்பாகச் சொன்னேன் என்று கேட்பாய். அணை வேலை நடக்கும் அந்த மலையில் போனும் எடுக்காது, ஸ்கேனும் கிடையாது என்று நீ உன் பச்சை நீளச் சட்டையைப் போட்டுக்கொண்டு அதன் மேலேயே குறித்து அனுப்பியிருந்தாய். கெட்டியாக உருண்டு தட்டுப்படும் இடத்தில் சிவப்பு நூலால் வட்டம், உதை விழும் இடத்தில் வெள்ளைத் தையல், விக்கல் துடிக்கும் இடத்தில் கறுப்பு முடிச்சு. எந்த நூல் எதற்கு என்று டிரைவர் அண்ணன் மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பித்தார், வெட்கத்தில் அவர் காது சிவந்துவிட்டது. தையற்காரி பெற்ற பெண் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். உடனே அதைக் கடையில் இருக்கும் பொம்மைக்கு மாட்டினேன். கறுப்பு முடிச்சு தொப்புளுக்குக் கீழே வந்து விழுந்தது. பிள்ளைக்குத் தலை கீழே இருந்தால் விக்கலும் கீழேதான் தெரியும் என்று உன்னைச் சுமந்த நாளில் ஒரு நர்சம்மா சொன்னது நினைவில் இருந்தது. மேலே நின்ற சிவப்பு வட்டத்தைப் பிட்டம் என்று எண்ணிக்கொண்டேன். வெள்ளைத் தையல் இன்னும் கீழே போனது, அது காலில்லை, கையை ஆட்டுகிறது என்று நானே முடிவு கட்டினேன். நம் வம்சத்தில் முதல் டிகிரி வாங்கியவள் நான் இல்லையா, படித்தவள் என்ற நினைப்பு ஒரு பக்கம், பிறரைக் கேட்கக் கூச்சம் ஒரு பக்கம்.

நேற்று ஒரு நர்ஸ் பெண் யூனிஃபார்மைப் பிரித்து அகலப்படுத்திக் கொடுக்கச் சொல்லி வந்தாள். பொம்மையில் உன் சட்டை அப்படியே இருந்தது. நூலெல்லாம் என்ன என்று கேட்டாள், சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏக்கா, இந்தப் பொம்மைக்கு வயிறே இல்லையே, உங்க பொண்ணுக்குமா இல்ல?" என்றாள். கர்ப்பிணிக்கு வெட்டும்போது முன்பக்கம் கூடுதலாக விட வேண்டும், வயிறு துணியை மேலே தூக்கிக்கொள்ளும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான், பெற்ற மகள் விஷயத்தில் அது மறந்துபோய்விட்டது. வெட்டுத் துணிகளை அள்ளிச் சட்டைக்குள் வைத்து, ஒன்பது மாத வயிறாகத் திணித்துக் கட்டினோம். திணிக்கத் திணிக்க அந்தக் கறுப்பு முடிச்சு ஏறிக்கொண்டே வந்தது, தொப்புளைத் தாண்டியது. சிவப்பு வட்டம் வலது விலா எலும்பின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. வெள்ளைத் தையல் அடிவயிற்றில் நின்றது. அந்தப் பெண்ணின் சிரிப்பும் நின்றது. மேலே இருக்கிற உருண்டையைத் தொட்டால் அது தனியாக அசைகிறதா என்று கேட்டாள். பந்து மாதிரி அது மட்டும் அசைகிறது என்று நீ சொல்லி அனுப்பியதைச் சொன்னேன். பிட்டமாக இருந்தால் உடம்பும் சேர்ந்து அசையும், தனியாக ஆடினால் தலையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்றாள். பணத்தைக் கொடுத்துவிட்டு வாசல் வரை போனவள் திரும்பி வந்து, சும்மா இருக்காதீங்கக்கா என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது என்று உனக்குத் தெரியும். அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற பெண்கள் எல்லாம் வயிற்றோடு வந்திருக்கிறார்கள், நான் வெறும் சட்டையோடு போயிருக்கிறேன். "உன் முறை வந்தா அதை மேசையில படுக்கப் போடுவியா?" என்று ஒருத்தி என்னைக் கேலி செய்தாள், எல்லோரும் சிரித்தார்கள். நான் வரிசையை விடவில்லை. டாக்டரம்மா முழுக்கக் கேட்டார், சட்டையை மடித்து என்னிடமே கொடுத்தார். "சட்டையைப் பாத்துப் பிள்ளை எப்படி இருக்குன்னு சொல்ல முடியாதும்மா. பொண்ணைக் கூட்டிட்டு வாங்க" என்றார். சில பிள்ளைகள் கடைசி நேரத்திலும் தானாகத் திரும்பிவிடுமாம். இல்லாவிட்டால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே வெளியிலிருந்து கையால் மெல்லத் திருப்பிப் பார்ப்பார்களாம், அதுவும் முடியாவிட்டால் ஆபரேஷன் என்று முன்கூட்டியே நாள் குறித்துவிடலாமாம். எதுவானாலும் ஆஸ்பத்திரியில்தான். மலையில் திடீரென்று பனிக்குடம் உடைந்து, பிள்ளைக்கு முன்னால் தொப்புள்கொடி நழுவி வந்துவிட்டால் அது நசுங்கிப் பிள்ளைக்கு ஆபத்தாம்.

கத்தி வைக்க விடமாட்டேன், டவுனில் தனியாகப் போய்ப் படுக்கமாட்டேன் என்று நீ பிடிவாதமாக இருப்பது தெரியும். தனியாக ஏன் படுக்கப் போகிறாய், நான் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்கிறேன். அங்கே சமையற்கட்டில் இருக்கிற அம்மாள் எண்ணெய் தடவிப் பிள்ளையைத் திருப்பிவிடுவதாகச் சொன்னாளாமே, நல்ல மனசோடு சொல்லியிருப்பாள், ஆனால் அவள் கையை வயிற்றில் வைக்க விடாதே, உன் காலில் விழுந்து கேட்கிறேன். நீ எந்தப் பக்கம் படுத்தாய், எதைத் தூக்கினாய் என்று யோசித்து உன்னையே நொந்துகொள்ளாதே, இது உன் தப்பில்லை என்று டாக்டரம்மா சொன்னார். அப்பாவிடம் சொன்னபோது, பேரப்பிள்ளை மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது, நாம்தான் தலைகீழாக நிற்கிறோம் என்று சிரித்தார். பிறகு பார்த்தால் மடித்து வைத்த துணிகளையே எடுத்து எடுத்து மறுபடி மடித்துக்கொண்டிருக்கிறார்.

மாப்பிள்ளை, லீவு கிடைக்காது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், நீங்கள் வர முடியாவிட்டாலும் அவளை ஏற்றி அனுப்பிவிடுங்கள். மழை விடுகிற மாதிரி இல்லை. பாலத்தின் அடிக்கட்டையைத் தண்ணீர் தொட்டுவிட்டது, நாளைக்குப் பிறகு லாரி ஓடுமா என்று தெரியாது என்கிறார் டிரைவர் அண்ணன். நானும் அவரோடு ஏறி வந்திருப்பேன், திரும்பும்போது பொண்ணுக்குக் கேபினில் படுக்க இடம் வேண்டாமா என்று தடுத்துவிட்டார். மெதுவாக ஓட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். வழியில் பனிக்குடம் உடைந்தால் பதறாதே, எழுந்து நடக்காதே, இடுப்புக்கு அடியில் துணியை அண்டைகொடுத்து ஒருக்களித்துப் படுத்துக்கொள். அந்த நர்ஸ் பெண் சொல்லிவைத்திருக்கிறாள், அவள் தம்பி காரோடு பாலத்துக்கு இந்தப் பக்கம் நிற்பான், நானும் நிற்பேன். லாரியில் நீ இல்லையென்றால் பாலத்தைத் தாண்டி நடந்தே வருவேன், அதையும் யோசித்துக்கொள்.

நீயும் உன் வயிற்றில் இருப்பதும் ஒரு குறையுமில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், அது எப்படி உட்கார்ந்திருந்தாலும் சரி. பச்சைச் சட்டையை இதோடு அனுப்பியிருக்கிறேன். பக்கத் தையலைப் பிரித்துத் துணி ஒட்டுக் கொடுத்திருக்கிறேன், இனி வயிற்றைப் பிடிக்காது, அதையே போட்டுக்கொண்டு வா. நீ போட்ட நூல்களை நான் எடுக்கவில்லை, நீயும் எடுக்காதே. டாக்டரம்மா வயிற்றில் கை வைத்துப் பார்த்துச் சொன்ன பிறகு நானே பிரிக்கிறேன்.

நாளை பாலத்துக்கு இந்தப் பக்கம் நிற்கப்போகும்
உன் அம்மா